ஆறு டிகிரி

மே கடைசி. காலை எட்டரை ஆகியும்
இருட்டு இன்னும் கடையைக் கட்டவில்லை.
புவேர்த்தோ நத்தாலெஸின் பழைய துறைமேடையில்
பலகைகள் போய்விட்டன, தூண்கள் மட்டும்;
தூணுக்கொரு நீர்க்காகம்.
கயிற்றில் கட்டிய வெப்பமானியை இழுத்துப் பார்த்து
காற்றுக்கு மேல் கத்துகிறாள் நோல்ஃபா:
"ஆறு!"

முதல் நாள் எனக்குப் புரியவில்லை
அது எண்ணா, ஏவலா என்று.

பதினோரு வருடம் பேருந்து ஓட்டியவள் நான்.
புந்தா அரேனாஸுக்கு மூன்று மணி நேரம்,
வழியெல்லாம் வேலி, ஆடு, காற்று.
அன்று ஒரு குவானாக்கோ
வேலி தாண்டி வந்து நடுச்சாலையில் நின்று
யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல்
என்னைப் பார்த்தது.
நான் திருப்பினேன்.
பேருந்து திரும்பவில்லை.
பதினான்காம் இருக்கையில் இருந்தவர்
மடியில் ஒரு கேக் பெட்டி வைத்திருந்தார்.
பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை.

விசாரணைத் தாளில் 'உறைபனி' என்று எழுதி
என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள்.
தூக்கத்தில் வலது கால் பிரேக்கைத் தேடும்.
மெத்தையை மிதித்து மிதித்து
விடியும்போது கெண்டைக்கால் கல்லாகியிருக்கும்.
காலம் ஆற்றும் என்றார் பாதிரியார்.
மாத்திரை ஆற்றும் என்றார் மருத்துவர்.
நண்டு ஆலையில் ஓடு உடைக்கும் நோல்ஃபாதான்
"நீச்சல் தெரியுமா?" என்று கேட்டாள்.
பதினைந்து வயதில், குளத்தில், என்று நான் இழுப்பதற்குள்
ஒரு கம்பளித் தொப்பியைத் தலையில் மாட்டிவிட்டாள்.

மலைகளுக்கிடையே நீளமாய் நுழைந்த இந்தக் கடலுக்குக்
கடைசி நம்பிக்கை என்று பெயர்.
வழி தேடி வந்து தோற்ற மாலுமிகள் வைத்ததாம்.
"பெயரை நம்பி இறங்காதே," என்றாள்,
"வெப்பமானியைப் பார்த்து இறங்கு."

கணுக்கால் வரை அது தண்ணீர்.
முழங்கால் வரை கத்தி.
இடுப்புக்கு மேல் அதற்குப் பெயர் கிடையாது.
மூச்சு உள்ளே போகிறது, போகிறது,
வெளியே வரும் வழி மறந்துவிட்டது.
"ஊது! சூப்பை ஆற்றுவது போல ஊது!"
ஊதினேன்.
இல்லாத கிண்ணத்தை
ஆற்றிக்கொண்டே நின்றேன்.
நாற்பது நொடி.
அதில் ஒரு நொடியிலும்
பதினான்காம் இருக்கை இல்லை.

குளிருக்கு இரக்கம் தெரியாது, அதனால் நம்பினேன்.
எல்லோரும் என்னிடம்
தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்த வருடம் அது.

கரையேறினால் விரல்கள் பொத்தானுக்கு அந்நியம்.
முதுகு போன ஆட்டுரோமக்காரர் எராக்ளியோ
தம் நடுங்கும் கையால்
என் நடுங்கும் கைக்கு மாத்தே நீட்டுவார்.
பாதி சிந்தும். பாதி போதும்.

பிறகு மூன்றாவது தூண் வரை.
பிறகு மஞ்சள் படகு வரை.
நடுவில் ஒரு மாதம் போகவே இல்லை:
அவருடைய நினைவு நாள் வந்தது,
திரையை இழுத்துவிட்டுப் படுத்துக்கொண்டேன்.
நோல்ஃபா கதவைத் தட்டவில்லை.
வாசலில் தொப்பி மட்டும் கிடந்தது,
துவைத்து, காய்ந்து, விறைத்து.

படகைத் தொடும் நாளில்
ஒரு கை தூரத்தில் கடற்சிங்கம் தலை தூக்கியது.
அதே கண்.
அதே, பெயர் கேட்டுத் திரும்பிய பார்வை.
உடம்பு முழுக்க பிரேக் தேடியது.
தண்ணீரில் ஏது பிரேக்?
கை தானாக அடுத்த வீச்சை வீசியது.
அது மூழ்கிப் போயிற்று.
நான் போய்க்கொண்டிருந்தேன்,
அழுதபடி, அதாவது
கடலுக்குக் கொஞ்சம் உப்பு கொடுத்தபடி.

நேற்று பணிமனைக்குப் போனேன்.
சாவி கேட்கவில்லை.
அதே வண்டி இல்லை, அதே எண்தான்;
பதினான்கில் போய் உட்கார்ந்தேன்.
ஈர முடியிலிருந்து சொட்டு விழுந்து
இருக்கைத் துணியில் கறுத்துப் பரவியது.
கூட்டிக்கொண்டிருந்த பையன்
என்னைப் பார்த்துவிட்டு
வேறு வரிசைக்குப் போனான்.
வெளியே காற்று வண்டியைப் பிடித்து ஆட்டியது.
வலது கால்
தரையில் சும்மா இருந்தது.